ஐந்து மணிக்குள் ஆட்சேபணை

அத்தியாயம் 11

போன வாரம் மினிட்ஸைத் தூங்க விட்டுவிட்டு வந்தோம். ஒரு தலைவலி தீர்ந்தது, இன்னொரு தலைவலி தீரப் போகிறது என்று நம்பிக்கொண்டு தூங்கியவள் அவள். அந்த நிம்மதிக்கு ஆயுசு வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே கால் வரைதான்.

புதிதாக வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மினிட்ஸ் என்பது அப்பா அம்மா வைத்த பெயரில்லை, ஆபீஸ் வைத்தது. பழைய கட்டடங்களின் சுவருக்குள் ஏற்கெனவே ஓடுகிற கம்பிகளிலேயே வேகமான இன்டர்நெட்டைக் கொண்டுவருவதற்காக, நாற்பது கம்பெனிகள் சேர்ந்து விதிமுறை எழுதுகிற குழு ஒன்று இருக்கிறது. அதற்குச் செயலாளர் இவள். கூட்டத்தில் யாராவது தும்மினால்கூடக் மினிட்ஸ் என்கிற கூட்டக் குறிப்பில் ஏற்றிவிடுவாள் என்று பெயரெடுத்து, ஐம்பது வயதில் மினிட்ஸ் மேடம் ஆகிவிட்டாள்.

அந்தக் குழுவுக்குத்தான் உருப்படியாக ஒரு பெயர் இல்லை. கதவில் "பணிக்குழு 9-ஈ" என்று எழுதியிருக்கும். அதை அறை எண் என்று நினைத்துக்கொண்டு வாரம் இரண்டு பேராவது ஜெராக்ஸ் எடுக்க உள்ளே வருவார்கள். முழுப்பெயரும் ஒன்று உண்டு. பயனர் வளாக உலோகக் கடத்தி வழி அகலப்பட்டை அணுகல் தொழில்நுட்பத் தரநிலைப் பணிக்குழு. இதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தவர் இதுவரை யாருமில்லை. இப்போது விதிமுறையின் வரைவைப் பொதுமக்களிடம் காட்டிக் கருத்துக் கேட்க வேண்டும். நம் வீட்டுச் சுவரைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று படிக்கிறவனுக்குப் புரியாவிட்டால் ஒருத்தனும் கருத்து அனுப்ப மாட்டான். அதனால் புதுப் பெயர் வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வரைவு அச்சுக்குப் போகிறது.

குழுவில் ஓட்டெடுப்பு கிடையாது. நோட்டீஸ் ஒன்றைச் சுற்றுக்கு விடுவார்கள். குறித்த நேரத்துக்குள் யாரும் ஆட்சேபிக்காவிட்டால் எல்லோரும் ஒப்புக்கொண்டதாக எழுதிக்கொள்வார்கள்.

வீட்டிலும் இதே வழக்கம்தான். அதை ஆரம்பித்தது தம்பி. அவனும் அதே குழுவில் ஒரு கேபிள் கம்பெனியின் பிரதிநிதி. அம்மா போன பிறகு எந்த ஃபிரிட்ஜ் வாங்குவது, ஹாலுக்கு என்ன பெயின்ட் அடிப்பது என்று அக்காவும் தம்பியும் முட்டிக்கொண்டபோது, "நோட்டீஸ் போட்டுடுக்கா, யாரும் வாயத் திறக்கலன்னா முடிஞ்சுது" என்றான் விளையாட்டாக. விளையாட்டு வழக்கமாகிவிட்டது.

இந்தத் திங்கட்கிழமை மினிட்ஸ் இரண்டு நோட்டீஸ் போட்டாள். ஒன்று குழுவின் பெயரைப் பற்றி. மற்றது அப்பாவைப் பற்றி. இந்த மாதிரிக் குழுக்களையெல்லாம் நடத்துகிற தலைமை அலுவலகத்தில் அவளுக்கு இரண்டு வருஷப் பதவி வந்திருக்கிறது. விமானம் ஏறிப் போக வேண்டிய ஊர். மாதக் கடைசியில் சேர வேண்டும், வருகிறேனா இல்லையா என்று வரும் திங்களன்று சொல்ல வேண்டும். அவள் போய்விட்டால் எழுபத்தெட்டு வயது அப்பா தனியாக இருக்க முடியாது. தம்பி வீட்டுக்குப் போகட்டும் என்று முடிவு பண்ணி, குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டாள். நான்கு நாளாக யாரும் மூச்சு விடவில்லை. சரிதான் என்று எடுத்துக்கொண்டாள்.

வெள்ளி காலை ஒன்பதே காலுக்குக் குழுத் தலைவர் ஃபோன் பண்ணினார்.

"மேடம், அப்பா சௌக்கியமா?"

"நல்லா இருக்கார் சார். ஏன் சார்?"

"இல்ல, அவர வீடு மாத்துறதுக்கு நம்ம குழு தீர்மானம் போடுதே. அதான் விசாரிக்கலாம்னு."

மினிட்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்தாள். ஆவணம் 9-ஈ/214. திங்கள் காலை அவள் கையாலேயே நாற்பது கம்பெனிகளுக்கும் போயிருக்கிறது.

"பொருள்: மாற்றம். அப்பா இம்மாத இறுதியிலிருந்து தம்பியின் இல்லத்தில் வசிப்பார். மருந்துகள், உடைகள், சாய்வு நாற்காலி ஆகியவை உடன் அனுப்பப்படும். ஆட்சேபணை இருப்பின் வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் தெரிவிக்கவும். இல்லையெனில் ஒப்புதலாகக் கருதப்படும்."

"ஐயோ!" என்றாள். பக்கத்து மேஜைப் பெண் எட்டிப் பார்த்தாள்.

இரண்டு நோட்டீஸையும் ஒரே அச்சில் வைத்துத் தட்டியிருக்கிறாள். மேலே தேதி, பொருள் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான். அங்கே ஒட்ட வேண்டியதை இங்கேயும், இங்கே ஒட்ட வேண்டியதை அங்கேயும் ஒட்டிவிட்டாள். இருபது வருஷத்தில் ஒரு காற்புள்ளியைத் தவறவிடாதவளுக்கு இப்படி ஒரு வழுக்கல்.

"நாலு நாளா யாருமே சொல்லலையே சார்!"

"கடைசி நாளுக்கு முன்னாடி யார் மேடம் படிக்கிறாங்க? எனக்கே இன்னைக்கு ஒரு ஆட்சேபணை வந்ததாலதான் தெரியும்."

"ஆட்சேபணையா? எதுக்கு?"

"உங்க அப்பா விஷயத்துக்கு. படிச்சுப் பாருங்க. பெயர் நோட்டீஸ் யாருக்குமே போகல, அதனால அது செல்லாது. மூணு மணிக்கு எல்லாரையும் நேர்ல வரச் சொல்லிட்டேன். அஞ்சுக்குள்ள ஒரு பெயரோட வெளிய வரணும். வராட்டி 9-ஈ-ன்னே அச்சுக்குப் போகும். நாறிடும் மேடம்."

ஆட்சேபணை அனுப்பியவர் கடைசி நாற்காலிக்காரர். நான்கு வருஷமாகக் கூட்டத்துக்கு வந்து, பிஸ்கட் சாப்பிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர். அவர் குரல் எப்படி இருக்கும் என்றுகூட யாருக்கும் தெரியாது. அவர் எழுதியிருந்தது ஒரே வரி: "சம்பந்தப்பட்டவரின் கருத்து பெறப்பட்டதற்கான சான்று இணைக்கப்படவில்லை. ஆட்சேபிக்கிறேன்."

மினிட்ஸுக்கு முகம் சுட்டது. நாற்பது கம்பெனிக்காரர்கள் முன்னால் குடும்ப மானம் போன அவமானம் ஒரு பக்கம். அந்த மனுஷன் கேட்டதில் தப்பே இல்லையே என்ற உறுத்தல் இன்னொரு பக்கம். அப்பாவை அவள் கேட்கவே இல்லை. குடும்பக் குழுவில் அவரும் இருக்கிறார், படித்திருப்பார், பேசாமல் இருந்தார் என்றால் சரி என்றுதானே அர்த்தம் என்று விட்டுவிட்டாள். ஆனால் அவருக்கு அந்த நோட்டீஸ் போகவே இல்லையே?

குடும்பக் குழுவைத் திறந்தாள். அங்கே அம்சமாக உட்கார்ந்திருந்தது பெயர் நோட்டீஸ்: "பணிக்குழு 9-ஈ இனி அகலப்பட்டை அணுகல் தொழில்நுட்பக் குழு என அழைக்கப்படும். ஆட்சேபணை இருப்பின் வெள்ளி மாலை ஐந்து மணிக்குள்..."

அதற்குச் சற்று மேலே ஒரு சாம்பல் நிற வரி. தம்பி மனைவி குழுவிலிருந்து வெளியேறியிருந்தாள். ஐந்து வாரத்துக்கு முன்பு.

அதை அவள் இத்தனை நாள் பார்க்கவில்லை. இப்போது பார்த்ததும் தம்பியைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். "மீட்டிங்கில் இருக்கேன், மூணு மணிக்குப் பாப்போம்" என்று செய்தி வந்தது. இருப்புக் கொள்ளாமல் மாடிப்படி வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

அப்போதுதான் அப்பாவிடமிருந்து ஃபோன்.

"ஏம்மா, அஞ்சு மணிக்குள்ளன்னு போட்டிருந்தியே. நான் எழுதி வச்சுட்டேன். இத எப்படி அனுப்பறது? எனக்கு இந்தப் பொடி எழுத்தெல்லாம் தட்ட வரல."

"என்னதுப்பா எழுதினீங்க?"

"ஆட்சேபணைதான்!" என்றார் அப்பா. குரலில் அப்படி ஒரு மிடுக்கு.

ஆபீஸிலிருந்து வீடு இரண்டு பஸ் நிறுத்தம். பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமையில்லாமல் நடந்தே போய்விட்டாள்.

மூன்றாவது மாடி. மூச்சு வாங்க ஏறிக் கதவைத் தள்ளினால், அப்பா தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். எதிரே நீள நோட்டு ஒன்று, இரண்டு பேனா, மூக்குக் கண்ணாடி. முப்பத்தோரு வருஷம் பஸ் நிலையத்தில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர். இன்றைக்கும் கட்டடத்தில் எல்லோரும் என்கொயரி ஐயா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்த ஜன்னலில் உட்கார்ந்திருந்த மாதிரியே இப்போதும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"வந்துட்டியா! நேர்லயே குடுத்துடலாம். உக்காரு, உக்காரு. தண்ணி குடி முதல்ல."

"அப்பா, அந்த நோட்டீஸ்..."

"இரு, நான் முடிச்சுடறேன். நான் அவசரப்பட்டு எழுதல. திங்கக்கிழம உன் நோட்டீஸப் படிச்சேன். எனக்கே ஒண்ணும் விளங்கல. சரி, நமக்கு வயசாச்சு, நாலு பேரக் கேப்போம்னு கீழ இறங்கினேன். மூணு நாள். பதினோரு பேர்."

நோட்டில் கோடு கிழித்துக் கட்டம் போட்டிருந்தார். ஆள், வேலை, சொன்ன பதில்.

"வாட்ச்மேன் படிச்சுட்டு, ஏதோ தார் ரோடு போடறவங்களான்னு கேட்டான். முதல் மாடி டெய்லர், பேண்ட்டுக்கு இடுப்புப் பட்டைய அகலமா வைக்கச் சொல்றாங்களான்னார். கீழ டாக்டர்கிட்ட இருக்குற கம்பவுண்டர் பயந்தே போயிட்டார். அணுகல்னு இருக்கே ஐயா, அணு உலையா, நம்ம கட்டடத்துலயா வருதுன்னு."

மினிட்ஸுக்குச் சிரிப்பு வந்தது. எவ்வளவோ அடக்கியும் வந்துவிட்டது. அப்பாவும் சிரித்தார்.

"பதினோரு பேர்ல ஒருத்தர் வாயிலயும் இன்டர்நெட்ங்கற வார்த்தை வரலம்மா. அதுக்கப்புறம் நானே விஷயத்தச் சொன்னேன். சுவத்துக்குள்ள இருக்கற கம்பியிலயே வேகமா இன்டர்நெட் வரும், சுவத்த இடிக்க வேண்டாம்னு. அடப்பாவி, இவ்வளவுதானா, இத ஏன் இப்படிச் சொல்றாங்கன்னு கேக்கறாங்க. நீங்களா இருந்தா என்ன பேர் வைப்பீங்கன்னு கேட்டு அதையும் எழுதியிருக்கேன். பின் பக்கம் பாரு."

பின் பக்கத்தில் ஏழு பெயர்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் சொன்னது, எத்தனை பேருக்குச் சட்டென்று புரிந்தது என்று குறித்திருந்தார். அவளுடைய குழு ஆறு மாதமாகச் செய்யாத வேலையை மனுஷன் மூன்று நாளில் செய்து முடித்திருக்கிறார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் படி இறங்குவார். பதினோரு பேரைப் பார்க்க எத்தனை தடவை இறங்கி ஏறினாரோ.

"ஏம்பா இவ்வளவு சிரமப்பட்டீங்க?"

"சிரமமா? போம்மா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீயும் அவனும் ரெண்டு பேரும் அங்கதான் வேலை பாக்கறீங்க. என்ன வேலைன்னு கேட்டா, உங்களுக்குப் புரியாதுப்பான்னுடுவீங்க. சரின்னு நானும் விட்டுட்டேன். இப்பத்தான் முதல் தடவையா என் அபிப்பிராயம் கேட்டு எழுதியிருக்க. நாள் நேரமெல்லாம் குறிச்சு. அத நான் சும்மா விடுவேனா?"

மினிட்ஸ் தண்ணீர் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். சொல்லிவிட வேண்டும். இது உங்களுக்கு வந்த நோட்டீஸ் இல்லைப்பா, தப்பாக வந்தது. உங்களுக்கு வர வேண்டியது வேறே. வாய் வரை வந்தது. அந்தத் தேய்த்த சட்டையைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது.

"நோட்ட எடுத்துட்டுப் போறேன்பா" என்றாள்.

"தாராளமா. பாஸ் ஆனா ஒரு ஃபோன் பண்ணு."

மூன்று மணிக் கூட்டத்துக்குத் தம்பி இரண்டு ஐம்பதுக்கு வந்தான். மினிட்ஸ் அவனை மாடிப்படியிலேயே மடக்கினாள்.

"நீ ரெண்டு குழுவுலயும் இருக்க. திங்கக்கிழமயே ரெண்டு நோட்டீஸும் பாத்திருப்ப. மாறிப் போச்சுன்னு தெரியும். தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சு வாய மூடிட்டு இருந்தியா? ஏண்டா? நாப்பது பேர் முன்னாடி என் மானம் போகட்டும்னா?"

"கத்தாதக்கா. மாறிப் போச்சுன்னு சொன்னா நீ சரியான இடத்துல மறுபடி போடுவ. போட்டா நான் பதில் சொல்லணும். சரின்னா பொய். முடியாதுன்னா ஏன்னு கேப்ப."

"ஏன்? இப்பக் கேக்கறேன். அவ ஏன் குழுவ விட்டுப் போனா?"

தம்பி படியின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். சவரம் செய்து இரண்டு நாள் ஆகியிருந்தது. சட்டைக் காலரைப் பார்த்தால் அவனே துவைத்தது என்று தெரிந்தது.

"வீடு இருக்குக்கா. வீட்ல அவ இருக்கா. நான்தான் அங்க இல்ல. ரெண்டு மாசமா கம்பெனி கெஸ்ட் ரூம்ல இருக்கேன். அப்பாவக் கூட்டிட்டுப் போய் எங்க வைப்பேன், சொல்லு?"

அக்கா திட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. இரண்டு மாதமாக வாராவாரம் கூட்டத்தில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, இவன் பேசியதையெல்லாம் வரி விடாமல் எழுதியிருக்கிறாள். இவன் முகத்தை ஒரு தடவை பார்க்கவில்லை.

"என்கிட்டக்கூடச் சொல்லலையேடா."

"நீ கேக்கலையேக்கா" என்றான். குற்றம் சொல்கிற குரலில்லை. களைத்துப்போன குரல்.

மேலேயிருந்து தலைவர் கூப்பிட்டார். தம்பி, "அப்பாகிட்ட இன்னைக்கு இதச் சொல்லிடாத. நானே சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் ஏறினான்.

கூட்டம் சந்தைக்கடையாகத்தான் தொடங்கியது. ஒருத்தர் "நெக்ஸ்ட் வேவ் ஃபோரம்" என்றார். என்ன அலை, எந்தக் கடல் என்று இன்னொருத்தர் கேட்டார். "கடைசி மைல் குழு" என்றார் வேறொருத்தர். கம்பெனிக்குத்தான் சார் அது கடைசி, வீட்டுக்காரனுக்கு அதுதானே முதல் மைல் என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மூன்றே முக்காலுக்கு ஆளாளுக்கு வாட்சைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

மினிட்ஸ் எழுந்தாள். செயலாளர் கூட்டத்தில் கருத்துச் சொல்லக் கூடாது என்பது விதி. ஆனால் வந்த ஆட்சேபணையைப் படித்தே ஆக வேண்டும் என்பதும் விதி.

"திங்கட்கிழமை பெயர் நோட்டீஸுக்குப் பதில் எழுதினது ஒரே ஒருத்தர்தான். அவர்கிட்டேருந்து ஆட்சேபணை வந்திருக்கு. படிக்கிறேன்" என்று சொல்லி, நோட்டின் பக்கங்களைத் திரையில் போட்டாள்.

டெய்லரின் இடுப்புப் பட்டை வந்தபோது ஹால் கொல்லென்று சிரித்தது. கம்பவுண்டரின் அணு உலைக்குத் தலைவரே மேஜையைத் தட்டினார். பதினோரு பேரில் ஒருத்தருக்கும் விளங்கவில்லை என்ற கணக்கு வந்ததும் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"அவங்க சொன்ன பேர் என்ன?" என்றார் தலைவர்.

"அதிகம் பேர் சொன்னது ஃபோன் வயர் இன்டர்நெட்."

"டிவி கேபிளும் நம்ம வரம்புல இருக்கே மேடம். அது விட்டுப் போயிடும்."

"மூணாவது பேர் பாருங்க சார். வீட்டுக் கம்பி இணையக் குழு. எந்தக் கம்பியா இருந்தாலும் பொருந்தும்னு பக்கத்துலயே குறிச்சிருக்கார். பதினோரு பேருக்கும் புரிஞ்சிருக்கு."

ஹாலில் சலசலப்பு. ரொம்பச் சாதாரணமாக இருக்கிறதே என்றார் ஒருத்தர். சாதாரணமானவங்க படிக்கத்தானே சார் என்றார் இன்னொருத்தர். தலைவர் கையை உயர்த்தினார்.

"நேரமில்ல. வீட்டுக் கம்பி இணையக் குழு. ரெண்டு நிமிஷம் தர்றேன். ஆட்சேபணை இருக்கறவங்க சொல்லலாம்."

மினிட்ஸ் தம்பியைப் பார்த்தாள். அவன் கம்பெனி புதுக் கேபிள் விற்கிற கம்பெனி. பழைய கம்பியை நினைவுபடுத்துகிற எந்தப் பெயர் வந்தாலும் மறுத்துவிட்டு வா என்றுதான் அவனை அனுப்பியிருப்பார்கள். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெயர் விழுந்துவிடும்.

தம்பி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கோணலில்லாமல் கிழித்த கோடுகள், குண்டு குண்டாக எழுதிய எழுத்து. சின்ன வயதில் அவன் பள்ளி நோட்டுகளுக்கெல்லாம் அட்டை போட்டு, மேலே பெயர் எழுதிக் கொடுத்த அதே எழுத்து. மேஜை மேல் அவன் ஃபோன் உறுமியது. எடுத்துப் பார்த்தான். கவிழ்த்து வைத்தான்.

ஒரு நிமிஷம். ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. இருபது வருஷமாக இந்த அமைதியைக் கண்ணை மூடிக்கொண்டு "ஒப்புதல்" என்று எழுதியவள் அவள். இன்றைக்கு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருத்தர் நிஜமாகவே தலையாட்டினார். ஒருத்தருக்குப் பசி. ஒருத்தர் பயந்துகொண்டு பேசாமலிருந்தார். இத்தனையும் சேர்ந்தா ஒரே வார்த்தை என்று மனசு அடித்துக்கொண்டது.

"ரெண்டு நிமிஷம் ஆச்சு. ஏற்கப்பட்டது" என்றார் தலைவர்.

நான்கு பத்துக்கு அச்சகத்துக்குப் பெயர் போனது. வெளியே வரும்போது கடைசி நாற்காலிக்காரர் வாசலில் நின்றிருந்தார். மினிட்ஸைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"அந்த இன்னொரு ஆவணம்... 214. என் ஆட்சேபணை இன்னும் நிலுவையில இருக்கு மேடம்." மெல்லிய குரல். "எங்க அப்பா விஷயத்துல நாங்க கேக்காம விட்டுட்டோம். அதான்."

அதற்கு மேல் சொல்லாமல் படியிறங்கிப் போய்விட்டார்.

ஆறு மணிக்கு அக்காவும் தம்பியும் சேர்ந்து வீட்டுக்கு நடந்தார்கள். கட்டடத்து வாசலில் அவள் கேட்டாள்.

"உன் கம்பெனில என்ன சொல்லுவாங்க?"

"திங்கக்கிழம கூப்பிட்டிருக்காங்க. பாத்துக்கலாம். அப்பா எழுத்த எதிர்த்து எப்படிக்கா கை தூக்கறது?"

அவன் முதுகில் ஒரு அறை வைத்தாள். ரொம்ப நாளைக்கப்புறம் வைத்த அறை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

கதவைத் திறந்ததும் அப்பா எழுந்து நின்றார். "ஃபோனே பண்ணலையே! என்னாச்சு? ஃபெயிலா?"

"பாஸ்பா. உங்க மூணாவது பேரு."

"மூணாவதா? நான் முதல் பேர்தான் வரும்னு நினைச்சேன்." முகம் மலர்ந்துவிட்டது. "மூணாவது, மூணாவது மாடி லிஃப்ட் மெக்கானிக் பொண்டாட்டி சொன்னது. அவகிட்ட இப்பவே சொல்லணும். டேய், நீயும் வந்துட்டியா, உக்காருடா. என்ன இளைச்சுப் போயிட்ட? அவ சரியா சாப்பாடு போடறதில்லையா?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டு செருப்பைக் கழற்றினான். ஏற்கெனவே கழற்றிய செருப்பை மறுபடி ஒழுங்காக அடுக்கினான்.

மினிட்ஸுக்கு நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், சந்தோஷமாக இருக்கிறார், இன்றைக்கு ஒரு நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு மனசு. இப்படித் தள்ளித் தள்ளித்தானே இங்கே வந்து நிற்கிறோம் என்று இன்னொரு மனசு. நாற்காலியை இழுத்து அப்பாவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, அந்தப் பேர் நோட்டீஸ் உங்களுக்குத் தப்பா வந்தது."

"தப்பாவா?"

"குழுவுக்குப் போக வேண்டியது. உங்களுக்கு வர வேண்டியது வேற ஒண்ணு. உங்களப் பத்தினது. அத உங்களத் தவிர ஊர் முழுக்கப் படிச்சுட்டாங்க." விடாமல் சொன்னாள். "எனக்கு வெளியூர்ல ரெண்டு வருஷ வேலை வந்திருக்கு. நான் போறதா முடிவு பண்ணி, உங்களத் தம்பி வீட்டுக்கு அனுப்பறதா நானே எழுதிட்டேன். மருந்து, துணி, நாற்காலின்னு லிஸ்ட் போட்டேன். உங்கள ஒரு வார்த்தை கேக்கல. ஆட்சேபணை இல்லன்னா சரின்னு எடுத்துக்கலாம்னு இருந்தேன். தப்புப்பா. ரொம்பப் பெரிய தப்பு."

அப்பாவின் கை நோட்டின் மேல் இருந்தது. மகளைப் பார்த்தார். அப்புறம் மகனைப் பார்த்தார். அவன் இன்னும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான், உள்ளே வரவில்லை.

ஹாலில் சத்தமே இல்லை. மாடியில் யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள். மினிட்ஸ் காத்திருந்தாள். இந்த அமைதிக்கு என்ன பெயர் எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இப்பக் கேக்கறேன்பா" என்றாள். "நீங்க எங்க இருக்கணும்னு நினைக்கறீங்க?"

அப்பா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பதினோரு பேர் பதிலும் இருந்த பக்கத்தைப் புரட்டினார். அடுத்த வெள்ளைப் பக்கத்தை நீவி விட்டு, ஸ்கேல் வைத்து ஒரு கோடு கிழித்தார். ஸ்கேல் நழுவியது. கோடு கோணிக்கொண்டு போயிற்று.

பேனாவைப் பிடித்தபடியே நிமிர்ந்தார்.

"எத்தனை மணிக்குள்ள சொல்லணும்மா?"